அணைந்த உலையும் முடியாத கணக்கும்

தலைநகர் தில்லியின் தென்கிழக்கு எல்லையில், மதுரா சாலையை ஒட்டி, ஹரியாணா தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, 45 ஆண்டுகள் புகைந்துகொண்டிருந்த பதர்பூர் அனல் மின்நிலையம் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டது. நிலக்கரியை எரித்து மின்சாரம் தயாரிக்கும் நிலையம் ஒன்றுகூடத் தில்லி எல்லைக்குள் இயங்கவில்லை என்கிற நிலை அன்று ஏற்பட்டது. தலைநகரின் காற்றுக்குக் கிடைத்த வெற்றியாக அது வரவேற்கப்பட்டது. வரவேற்கப்பட வேண்டிய முடிவுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த மகிழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விட்டது. ஒரு அனல் மின்நிலையம் மூடப்படும்போது அதன் கணக்கை முடித்து வைக்க வேண்டியவர் யார்?

கடையை மூடும் வணிகர்கூட வரவு என்ன, செலவு என்ன, கடன் எவ்வளவு, அதை யார் தீர்ப்பது என்று பேரேட்டைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். அனல் மின்நிலையத்துக்கும் இப்படி மூன்று கணக்குகள் உண்டு. எவ்வளவு மின்சாரம் தந்தது என்பது ஒன்று. யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பது இரண்டாவது. எவ்வளவு புகையையும் சாம்பலையும் விட்டுச் சென்றது என்பது மூன்றாவது. நம் நாட்டில் இந்த மூன்று கணக்குகளும் மூன்று அமைச்சகங்களின் மூன்று பேரேடுகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. இன்று நாட்டின் பழைய அனல் மின்நிலையங்கள் குறித்து எடுக்கப்பட்டுவரும் முடிவுகளைப் பார்க்கும்போது, அந்த வழக்கம் இல்லாததன் விலை புரிகிறது.

பதர்பூரின் முதல் கணக்கை எடுத்துக்கொள்வோம். தலா 100 மெகாவாட் திறன் கொண்ட மூன்று அலகுகள் 1973, 1974, 1975 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இயங்கத் தொடங்கின. தலா 210 மெகாவாட் திறனுள்ள இரு அலகுகள் 1978-ஆம் ஆண்டிலும் 1981-ஆம் ஆண்டிலும் சேர்ந்தன. சிறிய அலகுகளின் திறன் பின்னாளில் 95 மெகாவாட்டாகக் குறைத்து மதிப்பிடப்பட்டதால், நிலையத்தின் மொத்தத் திறன் 705 மெகாவாட் ஆனது. நெருக்கடி நிலைக் காலத்திலும், 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போதும், தலைநகரம் நாலா திசையிலும் விரிந்து வளர்ந்த 1990-களிலும் தில்லியின் விளக்குகள் எரிந்ததில் பதர்பூருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நன்றியை மறந்துவிட்டு அதன் புகையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

705 மெகாவாட் நிலையம் ஒரு நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் ஏறத்தாழ 1.7 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கும். நமது நிலக்கரியின் தரத்துக்கு, ஒரு யூனிட் தயாரிக்க முக்கால் கிலோ வரை எரிக்க வேண்டியிருக்கும். அதாவது, ஒரு நாளைக்குச் சுமார் 12,000 டன். இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு மூன்றில் ஒரு பகுதிக்குக் குறையாது என்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 டன் சாம்பல். ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால், சுமார் 17,000 டன் கரியமில வாயு. நிலையம் எல்லா நாளும் முழுத் திறனில் ஓடியதில்லை என்பது உண்மை. இறுதி ஆண்டுகளில் பெரும்பாலும் பெரிய அலகுகள் மட்டுமே இயங்கின. ஆனாலும், ஒரு நாள் கணக்கே இப்படி என்றால், 45 ஆண்டுகளின் கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதர்பூருக்கு நிலக்கரி வந்தது இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜரியா சுரங்கப் பகுதியிலிருந்து. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை ரயிலில் கடந்து வந்த கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். வேறு விதமாகச் சொன்னால், வந்த ஒவ்வொரு மூன்று சரக்கு ரயில்களிலும் ஒரு ரயில் சாம்பலையே சுமந்து வந்தது. தண்ணீர், ஓக்லா தடுப்பணையில் யமுனையிலிருந்து பிரியும் ஆக்ரா கால்வாயிலிருந்து எடுக்கப்பட்டது. கரி ஒரு மாநிலத்தின் மண்ணிலிருந்து வந்தது. தண்ணீர் பல மாநிலங்கள் பங்கு கேட்கும் ஆற்றிலிருந்து வந்தது. மின்சாரம் தலைநகருக்குச் சென்றது. சாம்பலோ பக்கத்திலேயே தங்கிவிட்டது.

இந்தக் கணக்கின் மிகக் கசப்பான வரி 2015-ஆம் ஆண்டை ஒட்டி வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டின் 47 அனல் மின்நிலையங்களை ஆராய்ந்த தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், தில்லியின் மின்சாரத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் தரும் பதர்பூர், தில்லியின் மின் துறை வெளியிடும் நுண்துகள் மாசில் 80 முதல் 90 சதவீதத்துக்குக் காரணமாக இருக்கிறது என்று கூறியது. நூறு விளக்குகளில் எட்டு விளக்குகளை ஏற்றுவதற்காகப் புகையில் பெரும் பங்கை ஊர் சுவாசித்தது என்பதே இதன் பொருள். நிலையம் முதுமை அடைய அடைய, எரிக்கும் கரிக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்தது. வெளியேறும் மாசு கூடியது. இது பதர்பூருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. வயதான எல்லா அனல் மின்நிலையங்களுக்கும் பொதுவானது.

இரண்டாவது கணக்கு, உடைமை. பதர்பூர் நிலையத்தைக் கட்டியது மத்திய அரசு. வட மாநிலங்கள் பலவற்றுக்கும் மின்சாரம் தரும் திட்டமாகத்தான் அது முதலில் வகுக்கப்பட்டது. 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய அனல் மின் கழகத்திடம் (என்.டி.பி.சி.) 1978-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. நிர்வாகம் கழகத்திடம், சொத்து மத்திய அரசிடம். 1987-ஆம் ஆண்டு முதல் அதன் மின்சாரம் முழுவதும் தில்லிக்கே என்றானது. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நிலையத்தின் உடைமை முழுமையாகத் தேசிய அனல் மின் கழகத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது, 28 ஆண்டுகள் உரிமையாளர் ஒருவர், நடத்தியவர் இன்னொருவர், பயன் பெற்றவர் மூன்றாமவர்.

மின்சாரத்தை வாங்கிய பக்கத்திலும் இதே கதைதான். முதலில் தில்லி மாநகராட்சியைச் சார்ந்த மின் விநியோக நிறுவனம் வாங்கியது. 1997-ஆம் ஆண்டில் அது தில்லி வித்யுத் வாரியம் ஆனது. 2002-ஆம் ஆண்டில் அந்த வாரியமும் கலைக்கப்பட்டு, விநியோகம் தனியார் நிறுவனங்களிடம் போனது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சொத்துகளும் கடன்களும் நிலுவைகளும் ரூபாய் கணக்கில் பிரிக்கப்பட்டன. பல ஆண்டுகளாகக் குவிந்த சாம்பல் யார் கணக்கில் சேரும் என்று யாரும் கேட்கவில்லை. மின்சாரத்துக்கு விலை இருந்தது. புகைக்கு விலை இல்லை. விலை இல்லாத பொருளுக்கு உரிமையாளர் ஏது?

நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. மின்நிலையத்தின் உற்பத்தி பற்றிய கேள்விக்கு மின்துறை அமைச்சர் பதிலளிப்பார். அதன் புகை பற்றிய கேள்வி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குப் போகும். கரியின் தரம் பற்றிக் கேட்டால் நிலக்கரி அமைச்சகம். கால்வாய் நீர் பற்றிக் கேட்டால் நீர்வளத் துறை. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். கேள்வி கேட்ட உறுப்பினருக்கு ஒரு பக்கப் பதிலும் ஒரு புள்ளிவிவர இணைப்பும் அவையில் வைக்கப்படும். நான்கு பதில்களிலும் பொய் இருக்காது. நான்கையும் சேர்த்துப் படித்தாலும் முழு உண்மை கிடைக்காது. ஒரே புகைபோக்கியை நான்காகப் பிரித்துப் பார்க்கும் நிர்வாகத்தில், அந்தப் புகைபோக்கிக்கு முழுப் பொறுப்பேற்பவர் எவரும் இருக்க முடியாது.

அதனால்தான் பதர்பூரை மூடும் முடிவு உரிமையாளரிடமிருந்து வரவில்லை. நீதிமன்றத்தின் கண்காணிப்பும் பொதுமக்களின் இருமலும் சேர்ந்துதான் அந்த முடிவைக் கொண்டுவந்தன. 2016-ஆம் ஆண்டு நவம்பரில், தீபாவளியை அடுத்துத் தலைநகரைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, பதர்பூர் நிலையத்தை 10 நாள்கள் மூடுவதாகத் தில்லி அரசு அறிவித்தது. அந்தத் தற்காலிக மூடல் பின்னர் நீண்டது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 1998-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு ஆணையம், 2017-ஆம் ஆண்டு குளிர்காலம் முழுவதும் நிலையத்தை நிறுத்தி வைத்தது. 2018-ஆம் ஆண்டில் நிரந்தர மூடல் வந்தது.

நிரந்தர மூடல் தாமதமானதற்குச் சொல்லப்பட்ட காரணம் கவனத்துக்குரியது. பதர்பூர் தந்த மின்சாரத்துக்குப் பதிலாக வெளியிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவர, துக்ளகாபாதில் துணை மின்நிலையம் தயாராக வேண்டியிருந்தது. அது தயாராகும் வரை தென் தில்லியின் மின் விநியோகத்துக்குப் பதர்பூர் தேவை என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆனால், அந்த நியாயத்துக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. 1970-களில் கட்டிய நிலையம் ஒருநாள் ஓய்வுபெறும் என்பது எதிர்பாராத விபத்தல்ல. அரசு ஊழியரின் ஓய்வு நாள் அவர் பணியில் சேரும் அன்றே தெரிந்துவிடுகிறது. மின்நிலையத்தின் ஓய்வுக்கு மட்டும் ஏன் கடைசி நேரத்தில் கம்பி இழுக்க வேண்டும்?

சரி, உலை அணைந்தது. புகை எங்கே போனது? தில்லியின் தேவை குறையவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி தில்லியின் உச்சபட்ச மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. நகருக்குள் இருக்கும் எரிவாயு நிலையங்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே தர முடியும். மிச்சத்தில் பெரும் பங்கு, உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி, ஹரியாணாவின் ஜஜ்ஜர் போன்ற இடங்களிலும் அதற்கும் அப்பால் கரிச் சுரங்கங்களை ஒட்டியும் உள்ள நிலையங்களிலிருந்து கம்பி வழியாக வருகிறது. குளிரூட்டி ஓடுவது தில்லியில். கரி எரிவது பக்கத்து மாநிலத்தில். தலைநகரின் எல்லைக்குள் நிலக்கரி எரியவில்லை என்று சொல்வது சரிதான். தலைநகருக்காக நிலக்கரி எரியவில்லை என்று சொல்ல முடியாது.

மாநில எல்லைக் கோடு காற்றுக்குத் தெரியாது. அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி உயரமாகக் கட்டப்படுவதே, புகை அருகில் இறங்காமல் தொலைவில் பரவ வேண்டும் என்பதற்காகத்தான். அதில் வெளியேறும் கந்தக டை ஆக்ஸைடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் காற்றில் பயணம் செய்யும்போது அங்குள்ள அமோனியாவோடு சேர்ந்து சல்பேட், நைட்ரேட் நுண்துகள்களாக மாறுகின்றன. இவற்றை இரண்டாம் நிலைத் துகள்கள் என்கிறார்கள். புகைபோக்கியின் வாயில் அளந்தால் இவை தெரியாது. நூறு, இருநூறு கிலோமீட்டர் தாண்டி இன்னொரு ஊரின் குழந்தையுடைய நுரையீரலில் போய்ப் படியும்போதுதான் தெரியும். தில்லியின் மாசுக்குக் காரணங்களை ஆராய்ந்து ஐ.ஐ.டி. கான்பூர் 2016-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையும், தில்லியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குள் உள்ள அனல் மின்நிலையங்களை இதற்காகச் சுட்டிக்காட்டியது.

பதர்பூர் மூடப்பட்ட பிறகும் தில்லியின் குளிர்காலம் மாறிவிடவில்லை. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில், தில்லியைச் சுற்றி 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் 11 அனல் மின்நிலையங்களில் ஐந்து மட்டும் இயங்கலாம் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. வாகனப் புகை, கட்டுமானத் தூசு, வைக்கோல் எரிப்பு, வீட்டு அடுப்பு என்று இதற்குக் காரணங்கள் பல. அனல் மின்நிலையங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு. ஆனால், சில வாரங்கள் வைக்கோல் எரிக்கும் பஞ்சாப் விவசாயியைப் பற்றி அவையில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், ஆண்டு முழுவதும் எரியும் உலைகளைப் பற்றிப் பேசுவது அபூர்வமாக இருக்கிறது. விவசாயிக்கு அமைச்சகம் எதுவும் துணை இல்லை என்பதுதான் காரணமோ?

பதர்பூரோடு தொடர்புடைய இன்னொரு வரலாறும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி, அனல் மின்நிலையங்களுக்கான புதிய மாசு வரம்புகளைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. நுண்துகள், கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு, பாதரசம், தண்ணீர்ச் செலவு ஆகிய ஐந்துக்கும் வரம்புகள் வகுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் எல்லா நிலையங்களும் இவற்றை நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் கெடு முடிந்தது. கெடு 2022 வரை நீண்டது. 2021-ஆம் ஆண்டில் நிலையங்கள் மூன்று பிரிவுகளாக்கப்பட்டு மீண்டும் கால அவகாசம் தரப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் இன்னொரு நீட்டிப்பு. 2024-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் மேலும் மூன்று ஆண்டுகள். பள்ளிப் பிள்ளைக்குக்கூட இத்தனை முறை தேர்வு தள்ளிவைக்கப்படுவதில்லை.

கடைசியாக, 2025-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி வெளியான அறிவிக்கை தேர்வையே பெரும்பாலானோருக்கு ரத்து செய்துவிட்டது. தேசியத் தலைநகர் வட்டாரம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் ஆகியவற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு மட்டும் 2027-ஆம் ஆண்டு இறுதி வரை கெடு. மாசு மிகுந்த பகுதிகளை ஒட்டியவை தனித்தனியே பரிசீலிக்கப்படும். மீதமுள்ளவை, அதாவது நாட்டின் அனல் மின் அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவை, கந்தக டை ஆக்ஸைடு வரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. புகைபோக்கியின் உயரத்துக்கான விதியை நிறைவேற்றினால் போதும் என்றானது.

அரசு தரப்பின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்றாலும் கந்தகம் குறைவு. பெரும்பாலான ஊர்களில் காற்றில் உள்ள கந்தக டை ஆக்ஸைடு வரம்புக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துப் புகையைக் கழுவும் கருவிகளை அமைக்கப் பெரும் செலவாகும். அது மின்கட்டணத்தில் ஏறும். அவற்றை இயக்கவும் மின்சாரம் செலவாகும். அதனால் கரியமில வாயு சற்றுக் கூடும். இவை பொருளற்ற வாதங்கள் அல்ல. ஏழைகளின் மின்கட்டணத்தைப் பற்றி ஓர் அரசு கவலைப்படுவதில் தவறில்லை.

ஆனால், இந்த வாதம் பாதிக் கணக்கை மட்டுமே பார்க்கிறது. கந்தக டை ஆக்ஸைடு வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. சல்பேட் துகளாக மாறிவிடுகிறது. வாயுவை அளந்துவிட்டு வரம்புக்குள் இருக்கிறது என்பது, உண்டியலில் சில்லறையைத் தேடிவிட்டு வீட்டில் பணமே இல்லை என்று சொல்வதைப் போன்றது. கந்தகத்தின் விகிதம் குறைவாக இருக்கலாம். எரியும் கரியின் அளவோ உலகிலேயே சீனாவுக்கு அடுத்தபடியாக இருக்கிறது. கருவியின் செலவு மின்கட்டணத்தில் ஏறும் என்பது உண்மை. கருவி இல்லாததன் செலவு மருத்துவமனைக் கட்டணத்தில் ஏறுகிறது. முன்னது மின்துறையின் பேரேட்டில் தெரியும். பின்னது ஏழையின் அடகுச் சீட்டில் மட்டுமே தெரியும். ஹரியாணாவின் ஜஜ்ஜரில் உள்ள மகாத்மா காந்தி அனல் மின்நிலையம் இந்தக் கருவியோடுதான் கட்டப்பட்டது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

மற்றொரு முரண்பாடும் இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுக்குள் மூடிவிடுவோம் என்று உறுதிமொழி தரும் பழைய நிலையங்கள் புதிய கருவிகளைப் பொருத்த வேண்டியதில்லை என்று 2021-ஆம் ஆண்டு முதல் விதிகளில் சலுகை இருக்கிறது. சில ஆண்டுகளில் மூடப்போகும் நிலையத்தில் கோடிகளைக் கொட்டுவது வீண் என்பதால், அது சரியான சலுகையே. ஆனால், 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம், மின்தேவை பெருகுவதால் 2030-ஆம் ஆண்டு வரை எந்த அனல் மின் அலகையும் ஓய்வுபெறச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. சாகப்போகிறவர் என்று மருந்துச் செலவு மறுக்கப்பட்டவரை, இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று எழுப்பி உட்கார வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மின்தேவை பெருகுகிறது என்பதை மறுக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி நாட்டின் உச்சபட்சத் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. சூரிய மின்சாரம் பகலில் எவ்வளவு பெருகினாலும், மாலையில் வெளிச்சம் மங்கியதும் கரியைத்தான் நாடு இன்னும் நம்பியிருக்கிறது. நாளைக்கே எல்லா உலைகளையும் அணைத்துவிடுங்கள் என்று பொறுப்புள்ள யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால், பழைய நிலையம் நாட்டுக்குத் தேவை என்றால் அதன் புகைக்கும் நாடு பொறுப்பேற்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுக்கு முன் நிறுவப்பட்ட அலகு ஒரு கனமீட்டர் புகையில் 100 மில்லிகிராம் வரை துகளை வெளியிடலாம். 2017-க்குப் பிறகு நிறுவப்பட்டதற்கு 30 மில்லிகிராம்தான். வயது கூடக் கூடச் சலுகையும் கூடும் என்றால், மூடுவதற்கு யாருக்கு அவசரம் இருக்கும்?

மூடிய பிறகான கதை இன்னும் இருண்டது. பதர்பூரின் சாம்பல் குளம் இருந்த 884 ஏக்கர் நிலத்தைச் சூழல் பூங்காவாக மாற்றும் திட்டத்தைத் தேசிய அனல் மின் கழகம் அறிவித்தது. சாம்பல் மேட்டின் மீது மண் பரப்பி மரம் வளர்ப்பது, அப்படியே காற்றில் பறக்க விடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும், புல் முளைத்துவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்று பொருளல்ல. சாம்பலில் ஆர்சனிக், பாதரசம், காரீயம் போன்றவற்றின் எச்சங்கள் உண்டு. அவை நிலத்தடி நீரில் இறங்குகின்றனவா என்பதை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். மொலார்பந்த், ஜைத்பூர் போன்ற குடியிருப்புகளில் வாழ்வோரில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்க வந்த எளியவர்கள். விளக்கு எரிந்தது நகரம் முழுவதும். சாம்பல் பறந்தது அவர்கள் கூரை மீது. நிலையத்தின் நிரந்தர ஊழியருக்கு வேறு ஊரில் வேலை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வாசலில் தேநீர் விற்றவருக்கும் ஓய்வு உத்தரவு என்று எதுவும் வருவதில்லை. ஒருநாள் வேலை இல்லை என்பது மட்டும் தெரியும்.

மூடப்படும் நிலையங்களைப் பாதுகாப்பாகக் கலைப்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பல்லாண்டுகளாகத் தேங்கிய சாம்பலைப் பத்து ஆண்டுகளுக்குள் படிப்படியாகப் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட அறிவிக்கையும் கூறுகிறது. நல்ல எழுத்துகள். ஆனால், வழிகாட்டு நெறி என்பது சட்டம் அல்ல. நிலையத்தைக் கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் அனுமதியும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும் என்கிறோம். மூடும்போது மக்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் ஏன் இல்லை?

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. மாநில மின்வாரியத்துக்குச் சொந்தமான 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின்நிலையமும் பதர்பூரைப் போல 1970-களில் பிறந்ததுதான். அது 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மத்திய அரசு நிறுவனத்தின் 600 மெகாவாட் முதல் நெய்வேலி நிலையம் 2020-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர்களின் பிழைப்பு கெட்ட வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. உரிமையாளர் மாநில அரசா மத்திய அரசா என்பது சாம்பலுக்குத் தெரியாது. எங்கும் ஒரே கேள்விதான்: எல்லாம் முடிந்த பிறகு வந்து பார்க்க வேண்டியவர் யார்?

நாம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் அல்ல. முதலாவதாக, ஓர் அனல் மின்நிலையம் ஓய்வுபெறும்போது அதன் உற்பத்தி, உடைமை, உமிழ்வு ஆகிய மூன்றையும் ஒரே ஆவணத்தில் தொகுத்து, நிறைவுக் கணக்காக நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மாநில அரசின் நிலையம் என்றால் சட்டப்பேரவையில் வைக்கலாம். இரண்டாவதாக, நிலையத்தின் உடைமை எத்தனை கைகள் மாறினாலும் சாம்பலுக்கும் நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். மூன்றாவதாக, நிலையம் இயங்கும் காலத்திலேயே, விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு சிறு தொகையை மூடல் நிதியாக ஒதுக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு இத்தகைய நிதி ஒதுக்கீடு ஏற்கெனவே கட்டாயமாக இருக்கும்போது, மின்நிலையங்களுக்கு மட்டும் ஏன் கூடாது? நான்காவதாக, 2030 வரை ஓட வேண்டும் என்று அரசே கேட்டுக்கொள்ளும் பழைய நிலையங்களுக்கு, ஓய்வுபெறப் போகிறவை என்ற பெயரில் தரப்பட்ட சலுகை விலக்கிக்கொள்ளப்பட வேண்டும்.

இதற்குப் புதிய ஆணையம் எதுவும் தேவையில்லை. எரிசக்தித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. தேசிய அனல் மின் கழகம் போன்ற நிறுவனங்களை விசாரிக்கப் பொதுத்துறை நிறுவனங்கள் குழு இருக்கிறது. இரண்டிலும் எல்லாக் கட்சியினரும் இருக்கிறார்கள். அமைச்சக அதிகாரிகளை ஒரே மேசையில் உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரமும் இருக்கிறது. மின்துறை, சுற்றுச்சூழல், நிலக்கரி ஆகிய மூன்று அமைச்சகங்களின் செயலாளர்களையும் ஒரே நாளில் அழைத்து, பதர்பூரின் கணக்கை முதல் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். நாடாளுமன்றத்துக்கு மிக அருகில் இருந்த நிலையத்தின் கணக்கையே அது கேட்கவில்லை என்றால், சிங்ரௌலியிலும் கோர்பாவிலும் இருப்பவற்றின் கணக்கை யார் கேட்பார்கள்?

தலைநகரில் இருந்ததால் பதர்பூரின் புகை நீதிபதிகளின் கண்ணில் பட்டது, அமைச்சர்களின் தொண்டையில் அடைத்தது, அதனால் அணைந்தது. புகை மற்றவர்களின் ஊரில் எழும்போது நமக்கு மின்சாரம் மட்டுமே தெரிகிறது. அணைத்த உலைக்குக் கணக்கு எழுதப் பழகாத நாடு, எரியும் உலைகளுக்கும் கணக்குக் கேட்காது. பதர்பூரின் புகைபோக்கிகள் ஓய்ந்துவிட்டன. அதன் பேரேட்டின் கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அதை எழுத வேண்டிய கடமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.